சுவிஸ் மலைகளில் சைக்கிள் பந்தயம் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவிட்சர்லாந்தின் கணவாய்களில் தொழில்முறைச் சைக்கிள் பந்தயம் பார்க்க டிக்கெட் கிடையாது. சாலையோரத்தில் நின்றால் போதும், பந்தயம் உங்களைத் தேடி வரும். ஆனால் அந்தச் சாலையோரத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேருவதும், முடிந்தபின் இறங்கி வருவதும்தான் பாதி வேலை. விசா எடுத்து வருகிறவர்களுக்கும், சூரிச்சிலோ பேர்னிலோ பல வருடமாக இருந்தும் ஒருமுறைகூட மலைக்குப் போய்ப் பார்க்காதவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள்.

எந்தப் பந்தயங்களைப் பார்க்கலாம்? எந்த மாதத்தில்?

முக்கியமானவை இரண்டு. டூர் டி ரோமண்டி 1947இல் தொடங்கியது. ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து மே முதல் வாரத்துக்குள் முடியும். பிரெஞ்சு பேசும் மேற்குப் பகுதிகளில் நடக்கும். டூர் டி சுவிஸ் 1933இல் தொடங்கியது. ஜூன் நடுவில் நடக்கும். எந்த மாநிலத்துக்கும் போகும், சில வருடம் எல்லை தாண்டி லிக்டன்ஸ்டைனிலும் ஆஸ்திரியாவிலும் கால் வைக்கும். 2019 வரை ஒன்பது நாள் ஓட்டமாகவும் பிறகு எட்டு நாளாகவும் இருந்தது, 2026 முதல் ஐந்து நாள். ஆண்கள் பந்தயமும் பெண்கள் பந்தயமும் அதே ஐந்து நாளில் நடக்கும்படி மாற்றிவிட்டார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு இது லாபம்: ஒரே பயணத்தில் இரண்டு பந்தயம்.

இவை தவிர டூர் டி பிரான்சும் ஜிரோ டி இத்தாலியாவும் அவ்வப்போது உள்ளே வந்து போகும். 2022 டூர் டி பிரான்சில் லொசானில் ஒரு கட்டம் (ஒரு நாள் ஓட்டம்) முடிந்தது, மறுநாள் கட்டம் ஏகிளில் தொடங்கியது.

மாதம் ஏன் முக்கியம்? ஏப்ரல் கடைசியில் ஃபுர்கா, கிரிம்செல், சுஸ்டென், நுஃபெனென், கோட்ஹார்ட் எல்லாமே பனியில் மூடிக் கிடக்கும். அதனால் ரோமண்டியில் பெருங்கணவாய்களை எதிர்பார்க்காதீர்கள். தியோன் 2000, லெய்சான், வில்லார் மாதிரி குளிர்காலத்திலும் சாலை திறந்திருக்கும் பனிச்சறுக்கு ஊர்களில்தான் அதன் மலைக்கட்டங்கள் முடியும். 2000 மீட்டருக்கு மேல் பார்க்க வேண்டும் என்றால் ஜூன்தான்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது? எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது.

அழகையும் செங்குத்தையும் இரண்டாவதாக வையுங்கள். முதல் கேள்வி இதுதான்: பந்தயம் ஓடும் சாலையைத் தொடாமல் அங்கே போக வழி இருக்கிறதா?

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மலையூர்களுக்கு மஞ்சள் போஸ்ட் பஸ் ஓடும், நேரம் தவறாது, அட்டவணையில் மணிக்கு ஒன்று என்று போட்டிருக்கும். ஆனால் அந்த பஸ்ஸும் பந்தயச் சாலையில்தான் ஓட வேண்டும். சாலை மூடியதும் பஸ்ஸும் நின்றுவிடும். ரயிலுக்கும், கம்பியால் இழுக்கும் வின்ச் ரயிலுக்கும், ரோப் காருக்கும் சொந்தப் பாதை உண்டு, அவற்றைப் பந்தயம் தொடாது.

இந்தக் கணக்கில் பார்த்தால் சில இடங்கள் தனியாக நிற்கும். ஒபெரால்ப் கணவாய் (2044 மீ): ஆண்டர்மாட்டுக்கும் டிசென்டிசுக்கும் இடையில் ஓடும் சிவப்பு ரயில் கணவாயின் தலையிலேயே நிற்கும். ரயிலை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் பந்தயச் சாலை. பெர்னினா கணவாயில் (2328 மீ) ஒஸ்பிட்சியோ பெர்னினா நிலையம் உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. க்ரான்-மொன்டானாவுக்கு சியேர் நகரத்திலிருந்து வின்ச் ரயில். வெர்பியேவுக்கு மார்ட்டினியிலிருந்து லெ ஷாப்ல் வரை ரயில், அங்கிருந்து ரோப் கார்.

தங்குவதற்கு ஒரே ஊர் சொல்லச் சொன்னால் ஏகிள். லொசான்–பிரிக் பெரும்பாதையில் இருக்கிறது. லெய்சானுக்குப் பல்சக்கர ரயிலும் லெ தியாப்லரேவுக்கு மலைரயிலும் அங்கிருந்தே கிளம்பும். வில்லாருக்கு அடுத்த நிலையமான பேயிலிருந்து ரயில் ஏறும். சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐயின் தலைமையகமும் அதன் உள்ளரங்க ஓடுதளமும் இந்த ஊரில்தான். பந்தயம் இல்லாத நாளில் போய் வரலாம்.

அல்புலா (2312 மீ) நடுத்தரம். ரயில் பெர்குயன், பிரேடா வரை கொண்டுவிடும், பிறகு சுரங்கத்துக்குள் போய்விடும். பிரேடா 1789 மீட்டரில் இருப்பதால் அங்கே இறங்கி மேலே நடந்தாலே நல்ல இடம் அகப்படும், உச்சி வரை போக வேண்டிய அவசியமில்லை.

நுஃபெனென், சுஸ்டென், கிளவ்சென் மூன்றும் கம்பீரமான கணவாய்கள். ஆனால் உச்சிக்கு ரயில் கிடையாது. முதல் பயணத்துக்கு அவற்றைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கோட்ஹார்டின் ட்ரெமோலா கல்சாலையைப் பார்க்க வேண்டும். எப்படி?

ஐரோலோவிலிருந்து கோட்ஹார்ட் உச்சி (2106 மீ) வரை போகும் பழைய சாலையின் மேல்பகுதிதான் ட்ரெமோலா. கருங்கல் பாவிய தளம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த 24 கொண்டை ஊசி வளைவுகள். 2019இலும் 2024இலும் டூர் டி சுவிஸ் கட்டங்கள் கோட்ஹார்ட் உச்சியில் முடிந்தன. முன்னதில் எகன் பெர்னால், பின்னதில் டோர்ஸ்டைன் ட்ரேன் வென்றார்கள்.

ரயிலில் ஐரோலோ வரை வரலாம். அங்கிருந்து உச்சிக்கு 950 மீட்டர் போல ஏற வேண்டும், நல்ல நடை உள்ளவருக்கு மூன்று மணி நேரம். உச்சி வரை போக வேண்டாம். வளைவுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும் இடத்தில் சுவர் ஓரமாக நின்றால் கீழே ஐந்தாறு வளைவுக்கு அப்பால் வரும்போதே வீரர்களைப் பார்த்துவிடலாம். அவர்கள் ஒவ்வொரு வளைவாக ஏறி வருவதைப் பல நிமிடம் தொடர்ந்து பார்க்கக் கிடைக்கும் இடங்கள் உலகிலேயே குறைவு. ஒன்றைக் கவனியுங்கள்: மேலே ஏற இரண்டு சாலை உண்டு. பந்தயம் கல்சாலையில் வருகிறதா, அகலமான புதுச்சாலையில் வருகிறதா என்று அந்த வருட வரைபடத்தில் உறுதி செய்யாமல் ஏறாதீர்கள்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

ஒவ்வொரு கட்டத்துக்கும் நேர அட்டவணை வெளியாகும். ஜெர்மன் பக்கங்களில் அதற்கு மார்ஷ்டபெல்லே என்று பெயர். எந்த ஊரை எத்தனை மணிக்குக் கடப்பார்கள் என்று பெரும்பாலும் மூன்று சராசரி வேகத்துக்குத் தனித்தனியாகப் போட்டிருக்கும். எப்போதும் வேகமான பத்தியையே நம்புங்கள். 150 கி.மீ. போன பிறகு, மணிக்கு 38 கி.மீ. சராசரிக்கும் 42 கி.மீ. சராசரிக்கும் 20 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். பின்காற்று அடிக்கும் நாளில் அட்டவணையின் வேகமான பத்தியையும் முந்தி வருவார்கள்.

டூர் டி சுவிசிலும் ரோமண்டியிலும் நடுவழியில் நிற்பதானால் வேகமான பத்தியின் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக இடத்தில் இருங்கள். கட்டம் முடியும் மலையானால் மூன்று மணி நேரம். டூர் டி பிரான்ஸ் வருகிற நாளானால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. காலையிலேயே மலைச்சாலையை மூடிவிடுவார்கள், விளம்பர வண்டிகளின் ஊர்வலமே வீரர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிடும்.

நடை தூரத்தைக் குறைத்துக் கணக்கிடுவது இன்னொரு வழக்கமான தவறு. பிரதான மஞ்சள் நடைபாதைப் பலகைகளில் எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கும். அது நிற்காமல் நடக்கும் நேரம். குழந்தை, பை, தண்ணீர் என்று போனால் ஒன்றரை மடங்கு வையுங்கள். சுவிஸ்டோப்போ செயலியில் நாட்டின் முழு நிலப்படமும் இலவசம். முந்தின நாள் இரவே அந்தப் பகுதியைத் தரவிறக்கி வையுங்கள். வளைவுச் சாலையைக் குறுக்கே வெட்டும் ஒற்றையடிப் பாதைகள் அதில் தெளிவாகத் தெரியும், சாலை மூடிய பிறகு மேலே ஏற அவைதான் வழி.

மலையில் சரியாக எங்கே நிற்பது?

முடிவுக்கோட்டில் நிற்காதீர்கள். கடைசி சில நூறு மீட்டருக்கு இரும்புத் தடுப்பு போட்டிருப்பார்கள், முன்வரிசையைத் தவிர மற்றவர்களுக்குத் தலைகள்தான் தெரியும். முடிவுக்கோட்டுக்கு 2 முதல் 4 கி.மீ. முன்னால், சரிவு 9 அல்லது 10 சதவீதத்தைத் தொடும் இடம்தான் நல்ல இடம். வெல்ல நினைப்பவர் தாக்குவது, அதாவது திடீரென வேகமெடுத்து மற்றவர்களைவிட்டுப் பிரிவது, பெரும்பாலும் அங்கேதான், வேகம் குறைவாக இருப்பதால் முகத்தையும் பார்க்கலாம்.

கட்டத்தின் உயர வரைபடத்தில் சராசரிச் சரிவைப் பார்த்து ஏமாறக் கூடாது. சராசரி 7 சதவீதம் என்று இருக்கும். அதற்குள் 3 சதவீதத்தில் ஓர் ஊர், பிறகு 11 சதவீதத்தில் ஒரு கி.மீ. ஒளிந்திருக்கும். ஒவ்வொரு கி.மீ.க்கும் தனித்தனியாகச் சரிவு போட்ட வரைபடத்தைத் தேடுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் நிற்பதானால் உட்பக்கமாக, வளைவின் மேல்கரையில் நில்லுங்கள். ஏறி வருவதையும், திரும்புவதையும், மேலே போவதையும் மூன்று தடவை பார்க்கலாம். வளைவின் உள்விளிம்பை ஒட்டி மட்டும் நிற்க வேண்டாம், சிலர் அந்த விளிம்பையே உரசித் திரும்புவார்கள்.

இறக்கத்தில் நிற்கலாமா?

வேண்டாம். பார்க்கவும் ஒன்றுமில்லை, மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறவர்களைக் கண்மூடித் திறப்பதற்குள் தவறவிடுவீர்கள். அதைவிடப் பெரிய காரணம் ஆபத்து. 2023 ஜூன் 15 அன்று அல்புலா கணவாயிலிருந்து லா புன்ட் ஊருக்கு இறங்கும் வழியில் சுவிஸ் வீரர் ஜினோ மேடர் பள்ளத்தில் விழுந்தார், மறுநாள் இறந்தார். அவருக்கு வயது 26. அன்று நடக்கவிருந்த கட்டத்தை ரத்து செய்துவிட்டு வீரர்கள் அவர் நினைவாக ஒன்றாக ஓட்டினார்கள்.

இறக்கத்தில் சாலையோரத்தில் ஒருவர் ஓரடி முன்னே வந்தாலும் வருகிறவர் தன் தடத்தை மாற்ற வேண்டியிருக்கும். தவிர்க்க முடியாமல் அங்கே அகப்பட்டுக்கொண்டால் வளைவின் வெளிப்பக்கத்தை விட்டு விலகி, சாலைக்கு மேலே மேட்டில் ஏறி நில்லுங்கள்.

வருகிறவர்கள் யார், யார் முன்னணியில், எப்படிப் புரிந்துகொள்வது?

மலையில் வானொலி மாதிரி யாராவது சொல்லிக்கொண்டே இருக்க மாட்டார்கள். தொலைபேசியில் பந்தயத்தின் நேரடிப் பதிவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஆர்எஃப், ஆர்டிஎஸ், ஆர்எஸ்ஐ என்ற மூன்று மொழிப் பொது ஒளிபரப்புகளிலும் இந்தப் பந்தயங்களைக் காட்டுவார்கள். கூடவே வீரர்களின் எண் பட்டியலை அச்செடுத்துப் போங்கள். வெயிலில் தொலைபேசித் திரையை விடத் தாள் எவ்வளவோ மேல்.

மஞ்சள் சட்டை போட்டவர் மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர். முதலில் வரும் மூன்று நான்கு பேர் காலையிலேயே பிரிந்து முன்னே போன கூட்டமாக இருக்கலாம். பட்டத்துக்குப் போட்டியிடுபவர்கள் பின்னால் வரும் கூட்டத்தில் இருப்பார்கள். எனவே முதலில் வந்தவரே எல்லாவற்றிலும் முதல் என்று எண்ணிவிட வேண்டாம்.

இடைவெளியை நீங்களே அளக்கலாம். ஒரு கம்பத்தை அடையாளம் வைத்து, முன்னவர் கடந்ததும் கடிகாரத்தைத் தட்டுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகம் என்றால் ஒரு நிமிட இடைவெளி சுமார் 330 மீட்டர்தான். பார்த்தால் தொட்டுவிடும் தூரம், பிடிப்பது கடினம். அதே ஒரு நிமிடம் 80 கி.மீ. வேக இறக்கத்தில் 1.3 கி.மீ. ஆகும். "இதோ பக்கத்தில் வந்துவிட்டார்" என்று தொலைக்காட்சியில் தோன்றுவது பல சமயம் ஏமாற்றுவது இதனால்தான்.

சமவெளியில் 150 பேரும் இருபது விநாடிக்குள் போய்விடுவார்கள். கடைசி ஏற்றத்தில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையில் அரை மணி நேரம்கூட ஆகும். கடைசியாக வரும் கூட்டத்துக்கு க்ருப்பெட்டோ என்று பெயர். வேகப் பாய்ச்சல்காரர்களும், தலைவனுக்காக உழைத்துக் களைத்தவர்களும் அதில் இருப்பார்கள். வென்றவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதத்துக்குள் வந்து சேராவிட்டால் மறுநாள் ஓட முடியாது. அந்தக் கூட்டம் கடக்கும்வரை நின்று கைதட்டுங்கள். முன்னணி வீரருக்குக் கத்த ஆயிரம் பேர் உண்டு, இவர்களுக்குத்தான் உங்கள் குரல் தேவை.

சாலையை எப்போது மூடுவார்கள்? பந்தயம் முழுக்கக் கடந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

சுவிஸ் பந்தயங்களில் பெரும்பாலும் நகரும் மூடல்தான்: போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் முன்னே வந்து மூடும், பின்னே போகிறவர்கள் திறந்துவிடுவார்கள். முடிவு மலையை மட்டும் முன்னதாகவே மூடுவார்கள். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்பதை அந்தந்த மாநிலப் போலீசும் ஊராட்சியும் சில நாள் முன்பே அறிவிக்கும். சாலையோரத்திலும் பலகை வைத்திருப்பார்கள்.

வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்: போலீஸ் மோட்டார்கள், முன்னோடிக் கார், முன்னணி வீரர்கள், நடுவர் கார், சைக்கிள்களைக் கூரையில் அடுக்கிய குழுக் கார்கள், மறுபடி வீரர்கள், ஆம்புலன்ஸ், பந்தயத்தை விட்டவர்களை ஏற்றிக்கொள்ளும் துடைப்ப வண்டி, கடைசியாக முடிவு வண்டியும் போலீசும். நடுவில் ஐந்து நிமிடம் எதுவும் வராது. முடிந்தது என்று நினைத்துச் சாலையில் இறங்கும்போதுதான் பின்தங்கிய வீரர் ஒருவரும் அவரை முந்தப் பார்க்கும் குழுக் காரும் வருவார்கள். துடைப்ப வண்டியைக் கண்ணால் பார்க்காமல் சாலையைக் கடக்காதீர்கள்.

பனி பெய்தால் என்ன ஆகும்? ஜூனில்கூடப் பனியா?

ஆமாம். 2024 டூர் டி சுவிசின் ஆறாம் கட்டம் லொகார்னோவிலிருந்து நுஃபெனென் கணவாயைத் தாண்டிப் போக வேண்டியது. கணவாய் பனியில் மாட்டிக்கொண்டதால் கட்டத்தையே மலைக்கு அந்தப் பக்கம் உல்ரிக்கெனில் தொடங்கி 42.5 கி.மீ. ஆகச் சுருக்கினார்கள். நுஃபெனெனில் காத்திருக்கலாம் என்று திட்டமிட்டவர்களுக்கு அன்று ஒன்றுமில்லை. 2023 ஜிரோவிலும் பனியால் கிரேட் செயின்ட் பெர்னார்டின் உச்சியை விட்டுவிட்டுக் கட்டத்தைச் சுருக்க வேண்டிவந்தது.

ஆகவே எப்போதும் இரண்டாவது இடம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மலையில் நிற்பது இந்த வகையிலும் பாதுகாப்பு: நடுவில் எதை வெட்டினாலும் முடிவிடத்தை முடிந்தவரை மாற்ற மாட்டார்கள். முந்தின நாள் மாலையும் அன்று காலையும் அமைப்பாளர்களின் அறிவிப்பையும் மீட்டியோசுவிஸ் வானிலையையும் பாருங்கள்.

அந்த 2024 கட்டம் முடிந்தது பிளாட்டென்-பெலால்ப்பில். வாலே மாநிலத்தில் இரண்டு பிளாட்டென் உண்டு. பந்தயம் முடிந்தது நாட்டர்ஸ் ஊருக்கு மேலே இருக்கும் பிளாட்டெனில். லோட்சென் பள்ளத்தாக்கில் இருந்த பிளாட்டென் வேறு, 2025 மே மாதம் பனிப்பாறையும் பாறைச்சரிவும் விழுந்து அழிந்த கிராமம் அது. செயலியில் ஊர்ப் பெயரைத் தட்டும்போது மாவட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

என்ன உடுத்துவது? என்ன எடுத்துப் போவது?

1000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு ஆறரை டிகிரி குறையும். பெலின்சோனாவில் 28 டிகிரி இருக்கும்போது கோட்ஹார்ட் உச்சியில் 16 இருக்கலாம், காற்று அடித்தால் இன்னும் குளிரும். நடந்து ஏறும்போது வியர்க்கும், நின்றதும் உறையும். ஆகவே மாற்றுச் சட்டை ஒன்று, மேலே காற்றும் மழையும் புகாத அங்கி, குல்லா, மெல்லிய கையுறை. வேட்டி நுனி காற்றில் பறக்கும் ஊர் அல்ல இது. முழுக்கால் சட்டையும் பிடிப்புள்ள காலணியும் போதும். வெயிலுக்கு சன்ஸ்க்ரீன் கட்டாயம், மேகம் இருந்தாலும் 2000 மீட்டரில் தோல் எரியும்.

குளிரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2021 ரோமண்டியில் தியோன் 2000 ஏற்றத்தில் மழையும் குளிரும் கொட்டியபோது, வெற்றிக்குப் போராடிக்கொண்டிருந்த ஜெரெய்ன்ட் தாமஸ் முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் விழுந்தார். விரல்கள் மரத்துப்போய்க் கைப்பிடியின் பிடி நழுவிவிட்டது. மைக்கேல் வுட்ஸ் வென்றார். உழைத்துச் சூடான உடம்புக்கே அந்தக் கதி என்றால், அசையாமல் நிற்கும் உங்களுக்கு?

தண்ணீர் வாங்க வேண்டாம். ஊர்களில் ஓடும் குழாய்த் தொட்டிகளில் குடிக்கலாம், குடிக்கக் கூடாததில் அப்படியே எழுதியிருக்கும். சாப்பாடு கையோடு கொண்டு போங்கள். ஞாயிறு என்றால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். கோப், மிக்ரோ போன்ற கடைகள் ஞாயிறு மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் திறந்திருக்கும். புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் இந்தக் காரியத்துக்கு நன்றாகவே ஒத்துவரும். குப்பைக்கு ஒரு பை.

இடி மின்னல் ஜூன் பிற்பகலில் வழக்கம். முதல் இடி கேட்டதும் மேட்டையும் தனிமரத்தையும் விட்டு இறங்குங்கள். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 144, ரேகா மீட்பு ஹெலிகாப்டர் 1414, பொதுவாக 112.

காரில் போகலாமா?

போகலாம், ஆனால் பந்தயம் வரும் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். நெடுஞ்சாலையில் ஓட்ட வருடத்துக்கு 40 பிராங்க் கட்டண வில்லை (விக்னெட்) தேவை. சாலையோரப் புல்வெளியில் காரை ஏற்றுவதும், வெட்டாத புல்லில் விரிப்பு போட்டு உட்காருவதும் கூடாது. ஜூன் மாதம் வைக்கோல் புல் வெட்டும் பருவம். மிதித்த புல் அறுவடைக்கு உதவாது, மாடுகளுக்கான குளிர்காலத் தீவனம் அது. மாட்டு வேலிக் கம்பியில் மின்சாரம் ஓடும், குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சைக்கிளில் ஏறிப் போய்ப் பார்ப்பது?

அதுதான் பலருக்கும் பிடித்த வழி. நகரங்களுக்கிடையே ஓடும் ஐசி ரயில்களில் மார்ச் இறுதியிலிருந்து அக்டோபர் இறுதி வரை சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம், பந்தய வாரத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். வட்டார ரயில்களில் முன்பதிவு வேண்டாம், சைக்கிளுக்கு டிக்கெட் மட்டும் எடுத்தால் போதும். மூடும் நேரத்துக்கு முன் உங்கள் இடத்தை அடைய வேண்டும். அதன்பின் போலீஸ் இறங்கித் தள்ளச் சொல்வார்கள், சில இடத்தில் அதுவும் முடியாது. நீங்கள் ஏற எடுக்கும் நேரம் அவர்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

ஒரு கட்டம்தான் பார்க்க முடியும் என்றால் எது?

மலை டைம் ட்ரையல் இருந்தால் அதையே எடுங்கள். வீரர்கள் ஒவ்வொருவராக ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இடைவெளி விட்டுக் கிளம்புவார்கள், பின்னால் வரும் குழுக் காரின் முகப்பில் பெயர் எழுதியிருக்கும். சில மணி நேரத்துக்குத் தொடர்ந்து பந்தயம். 2025 டூர் டி சுவிசின் கடைசி நாள் லூசெர்ன் ஏரிக்கரையின் பெக்கன்ரீடிலிருந்து ஸ்டாக்ஹூட்டெ வரை சுமார் 10 கி.மீ., 800 மீட்டருக்கு மேல் ஏற்றம். 33 விநாடி பின்தங்கியிருந்த ஜோவாவ் அல்மெய்டா, கெவின் வோக்லானிடமிருந்து மஞ்சள் சட்டையைப் பறித்து மொத்தப் பந்தயத்தையும் வென்றார். பெக்கன்ரீடுக்கு லூசெர்னிலிருந்து படகும் வரும். ஸ்டாக்ஹூட்டெக்கு எம்மெட்டனிலிருந்து ரோப் கார் உண்டு.

பெண்கள் பந்தயம் எப்படி?

தவறவிடக் கூடாது. பெண்களுக்கான டூர் டி சுவிஸ் 2021இல் மீண்டும் தொடங்கியது, ரோமண்டி பெண்கள் பந்தயம் 2022 முதல். முன்னதை 2023இலும் 2025இலும் மார்லென் ரோய்சர் வென்றார். பின்னதை 2025இல் எலீஸ் ஷபே வென்றார். இருவருமே சுவிஸ்காரர்கள், இருவருமே மருத்துவம் படித்தவர்கள். கூட்டம் குறைவாக இருப்பதால் தொடக்க இடத்தில் வீராங்கனைகளைப் பக்கத்திலேயே பார்க்கலாம்.

வீரர்களோடு பேச, கையெழுத்து வாங்க எங்கே போவது?

காலையில், தொடக்க ஊரில், குழுப் பேருந்துகள் நிற்கும் இடத்தில். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு போங்கள். மேடையில் கையெழுத்திட்டுத் திரும்பும்போதுதான் சாவகாசமாக இருப்பார்கள். கிளம்ப பத்து நிமிடம் இருக்கும்போது யாரையும் நிறுத்தாதீர்கள்.

வீசி எறியும் தண்ணீர்க் குடுவை ஒன்று வேண்டும். எங்கே கிடைக்கும்?

குப்பை போடுவதற்கென்று பலகை வைத்த பகுதிகளில்தான் வீரர்கள் எதையும் எறியலாம்; வேறெங்கு எறிந்தாலும் அபராதம். அந்தப் பகுதிகள் எந்தக் கி.மீ.யில் என்பது வழிக்குறிப்பில் இருக்கும். உணவுப் பை கொடுக்கும் இடத்துக்குப் பிறகு நின்றால் நிச்சயம் கிடைக்கும். உருண்டு சாலைக்குள் போன குடுவைக்காக ஒருபோதும் குனியாதீர்கள். குழுக் கார்கள் எல்லாம் போகட்டும்.

செய்யவே கூடாதவை?

வீரருக்குப் பக்கத்தில் ஓடுவது. பந்தயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பது. நீளக் கம்பில் கொடி. வண்ணப்புகை, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறவரின் நெஞ்சுக்குள் அது நேராகப் போகும். கேட்காமல் முதுகில் கைவைத்துத் தள்ளுவது. கயிறில்லாத நாய். சுவிஸ்காரர்கள் மாட்டுமணியை ஆட்டி "ஹோப், ஹோப்" என்பார்கள்; நீங்கள் தமிழில் பெயர் சொல்லிக் கத்தினாலும் அவர்களுக்குப் புரியும்.

முடிந்ததும் எப்படி இறங்குவது?

அவசரப்படாதீர்கள். மலையுச்சியில் முடியும் கட்டங்களில் குழுப் பேருந்துகள் மேலே ஏற இடமிருக்காது. கீழே ஊரில் நிற்கும். ஓடி முடித்த வீரர்கள் அங்கி மாட்டிக்கொண்டு, வாயில் விசிலோடு, மக்கள் நடக்கும் அதே சாலையில் சைக்கிளிலேயே இறங்குவார்கள். விசில் கேட்டால் வலது ஓரத்தில் ஒதுங்கி நேராக நில்லுங்கள், குறுக்கே பாயாதீர்கள். பிறகு குழுக் கார்கள், விளம்பர வண்டிகள், கடைசியில்தான் பொதுப் போக்குவரத்து.

கடைசி ரோப் காரும் கடைசி மலைரயிலும் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே குறித்து வையுங்கள். பல ரோப் கார்கள் மாலை ஐந்தரைக்குள் நின்றுவிடும், பந்தயமோ ஐந்து மணிக்குக்கூட முடியும். சுவிஸ் ரயில்வேயான எஸ்பிபியின் செயலியில் அன்றைய மாற்றங்கள் உடனுக்குடன் தெரியும். முதல் ரயிலில் இடித்துப் பிடித்து ஏறுவதை விட, மேலேயே ஒரு மணி நேரம் இருந்து பரிசளிப்பைப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு அடுத்த ரயிலில் இறங்குவது சுலபம். ஜூனில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும்.